உயர்ந்ததும் உகந்ததும்

மனிதனுடைய ஒழுக்கம் சோதனைக்கு உள்ளாகும் இடங்கள் எவை என்று கேட்டால் நாம் உடனே நீதிமன்றத்தைச் சொல்வோம். தேர்தல் சாவடியைச் சொல்வோம். பஞ்ச காலத்து நெல் மண்டியைச் சொல்வோம். பெட்ரோல் பங்க்கை யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே என்ன தர்மசங்கடம் இருக்க முடியும்? வண்டி வந்து நிற்கிறது, மூடியைத் திறக்கிறார்கள், எண்ணெயை ஊற்றுகிறார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். இதில் அறம் எங்கே வந்தது?

வந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரிய சோதனைகளுக்கு மனிதன் தன்னைத் தயார் செய்துகொண்டு போகிறான். நீதிமன்றத்துக்குப் போகிறவன் முதல் நாள் இரவே என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொள்கிறான். சின்னச் சோதனைகளோ அவன் தயாராக இல்லாத சமயம் பார்த்து வருகின்றன. இரண்டு விநாடி அவகாசம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் கை நீட்டுகின்றன. அந்த இரண்டு விநாடியில் வாயிலிருந்து வரும் பதிலில் அவனுடைய மனத்தின் உண்மையான அமைப்பு வெளிப்பட்டுவிடுகிறது.

பாடியிலிருந்து அம்பத்தூர், திருமுல்லைவாயல் வழியாக ஆவடிக்குப் போகும் சாலையை வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கரையான்சாவடி, குமணன்சாவடிப் பக்கத்தையும் அறிந்திருப்பீர்கள். இந்தப் பகுதிகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எந்தப் பங்க்கிலும் காணக்கூடிய காட்சி ஒன்றைச் சொல்கிறேன். உயரமான வெள்ளை நிற எஸ்.யு.வி. ஒன்று உள்ளே நுழைகிறது. மாதத் தவணையில் வாங்கிய புதிய வண்டி. முன்புறம் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியவில்லை. முன் இருக்கையில் மனைவி; பின் இருக்கையில் வயதான தாயாரும் இரண்டு குழந்தைகளும். திருவேற்காட்டு அம்மனைத் தரிசித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். பணியாள் ஓடி வந்து கேட்கிறான்: “சார், நார்மலா, பிரீமியமா?”

‘நார்மல்’ என்ற சொல்லை அவன் கீழே இறக்கிச் சொல்கிறான். ‘பிரீமியம்’ என்ற சொல்லை மேலே தூக்கிச் சொல்கிறான். வண்டிக்காரர் ஒரு கணம் தயங்குகிறார். லிட்டருக்கு விலை அதிகம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மனைவியின் காதில் கேள்வி விழுந்துவிட்டது. தாயாரும் கேட்டிருப்பார். புதிய வண்டிக்கு மட்டமான எண்ணெயை ஊற்றினான் என்ற பெயர் வேண்டாம். “பிரீமியமே போடுப்பா” என்கிறார்.

இந்த மனிதர் செய்தது சரியா, தவறா?

‘இதில் சரி, தவறு என்ன இருக்கிறது? அவர் பணம், அவர் வண்டி’ என்று சிலர் சொல்வார்கள். ‘வீண் செலவு’ என்று வேறு சிலர் சொல்வார்கள். இரு தரப்பாரும் அவசரப்படுகிறார்கள். முதலில் அவர் வாங்கியது என்ன என்று தெரிந்துகொள்வோம். பொருளை அறியாமல் அறத்தைப் பேசினால் அது வெறும் பிரசங்கமாகிவிடும்.

பெட்ரோல் இன்ஜினுக்குள் நடப்பது இதுதான். காற்றும் பெட்ரோலும் கலந்து ஒரு சிறு உருளைக்குள் போகின்றன. உள்ளே இருக்கும் பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. சரியான கணத்தில் ஒரு தீப்பொறி தெறிக்கிறது, கலவை எரிகிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, வண்டி ஓடுகிறது. அமுக்கினால் எதுவும் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தச் சூட்டைத் தாங்காத எண்ணெய், தீப்பொறியால் உண்டான சுடர் தன்னை வந்து அடையும் முன்பே ஆங்காங்கே தானாக வெடித்துவிடும். இன்ஜினுக்குள் யாரோ சிறு சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். நாளடைவில் அது இன்ஜினைக் கெடுக்கும்.

இப்படித் தானாக வெடிக்காமல் தாங்கி நிற்கும் குணத்துக்கு இடும் மதிப்பெண்தான் ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்ற திரவம் நன்றாகத் தாங்கும்; அதற்கு 100. ஹெப்டேன் என்ற திரவம் தாங்கவே தாங்காது, அதற்கு 0. இந்த இரண்டையும் 91-க்கு 9 என்ற விகிதத்தில் கலந்தால் அது எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோலுக்கு 91. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 தரம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது நம் சாதாரண பெட்ரோலுக்கு வகுத்த குறைந்தபட்ச அளவு அதுதான். பிரீமியம் என்று விற்கும் வகைகள் 95, 97, 99, 100 என்று மேலே போகின்றன.

ஆகவே ஆக்டேன் என்பது வலிமையின் அளவு அன்று, பொறுமையின் அளவு. 95 எண்ணுள்ள எண்ணெயில் 91-ல் இல்லாத சூடு எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அமுக்கும்போது அது இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கடுமையாக அமுக்கும் இன்ஜினுக்கு அந்தப் பொறுமை தேவை. அளவாக அமுக்கும் இன்ஜினில் அது சோதிக்கப்படுவதே இல்லை. கோபமே வராத வீட்டில் ஒரு பெரிய பொறுமைசாலியைக் கொண்டுபோய் வைத்தால் அவருடைய பொறுமைக்கு என்ன வேலை? சில பிரீமியம் வகைகளில் இன்ஜினுக்குள் படியும் கசடைக் கழுவும் மருந்தும் கலந்திருக்கிறது. அதில் ஓரளவு பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நம் வண்டிக்காரர் கசடை நினைத்தா வாங்கினார்? ‘உயர்ந்தது’ என்று நினைத்து வாங்கினார்.

அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. சாதாரண பெட்ரோலுக்கென்று அமைந்த வண்டிகளில் பிரீமியத்தை ஊற்றியதால் வேகமோ, மைலேஜோ குறிப்பிடும்படி உயரவில்லை, புகையும் குறையவில்லை. அந்த நாட்டு மக்கள் இப்படி ஒரே ஆண்டில் 210 கோடி டாலரை வீணாக்கினார்கள் என்று அந்தச் சங்கம் கணக்குச் சொன்னது. நம் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நூறு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9,600 ரூபாய் ஆகிறது. நடுத்தரக் குடும்பத்தில் அது ஒரு குழந்தையின் புத்தகச் செலவு. அல்லது தாயாரின் கண்ணாடியும் மருந்தும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாற்பது வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். 1960-களில் அந்தப் பேட்டை உருவான நாளிலிருந்து திருகாணியும் வால்வும் பல்சக்கரமுமாக இந்தியாவின் வண்டிகளுக்கு வேண்டிய சிறு உறுப்புகள் பலவும் அங்கே கடைந்து எடுக்கப்பட்டு வருகின்றன. மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைத் தள்ளிவிடும் தொழில். அவரிடம் இந்தப் பிரீமியம் விஷயத்தைக் கேட்டேன்.

“சார், பத்து மில்லிமீட்டர் துளைக்குப் பத்து மில்லிமீட்டர் போல்ட். பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு விலை ஜாஸ்தி. அதுக்காக அது உசத்தியா? உள்ளேயே போகாதே!” என்றார் அவர்.

“எண்ணெய் உள்ளே போகிறதே!” என்றேன்.

“அதான் சார் கஷ்டம். போல்ட் போகலைன்னா மனுஷனுக்குப் புத்தி வரும். எண்ணெய் போயிடுது, புத்தி வர வழி இல்ல” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, “வண்டிக்கு என்ன வேணும்னு வண்டியே சொல்லுது சார். பெட்ரோல் மூடியைத் திறந்தா உள்பக்கம் எழுதியிருக்கும். இல்லாட்டி வண்டியோட வர்ற புஸ்தகத்துல இருக்கும். அதை எவனும் படிக்கிறதில்ல. மேலே மாட்டியிருக்கிற போர்டைத்தான் படிக்கிறாங்க” என்றார்.

தத்துவ நூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயலும் ஓர் உண்மையை அந்தப் பெரியவர் ஒரு போல்ட்டில் சொல்லிவிட்டார். ஃபிட்டரின் உலகத்தில் ‘உயர்ந்தது’ என்ற சொல் கிடையாது; ‘உகந்தது’ என்ற சொல்தான் உண்டு. உயர்வு என்பது ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிட்டுச் சொல்வது. உகப்பு என்பது ஒரு பொருளை அது பயன்படும் இடத்தோடு பொருத்திச் சொல்வது. விலைச்சீட்டில் இருப்பது முதலாவது. வாழ்க்கைக்கு வேண்டியது இரண்டாவது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவதிலேதான் நம் கஷ்டங்களில் பாதி பிறக்கின்றன.

மேல், கீழ் என்ற பெயர் நம் கண்ணை மறைப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அன்று. பூந்தமல்லியிலே பிறந்த திருக்கச்சி நம்பியைப் பற்றி வைணவ மரபு ஒரு வரலாறு சொல்கிறது. காஞ்சி வரதருக்கு விசிறி வீசும் கைங்கரியம் செய்தவர் அவர். அவருடைய பெருமையை அறிந்த இராமாநுஜர் அவரை உணவுக்கு அழைத்தார். இராமாநுஜரின் மனைவியோ அவர் உண்டு போன இடத்தைக் கழுவித் தூய்மை செய்தார். நம்பியின் குலம் தாழ்ந்தது என்பது அந்த அம்மையாரின் எண்ணம். எதிரே நின்ற மனிதரைப் பார்க்காமல் அவர்மேல் ஒட்டியிருந்த சீட்டை மட்டும் பார்த்தார். பெயரைப் படித்துப் பொருளை எடைபோடும் புத்தி மனிதர்கள் விஷயத்தில் எவ்வளவு கொடுமை செய்தது என்பதை நாம் அறிவோம். எண்ணெய் விஷயத்தில் அது செய்வது சின்னத் தீங்குதான். ஆனால் புத்தி ஒன்றே.

அந்தத் தீங்கும் எப்போதும் சின்னதாக இருந்துவிடவில்லை. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர், ஈயம் கலந்த ஒரு ரசாயனத்தைச் சில துளி சேர்த்தால் பெட்ரோலின் தட்டல் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. ‘ஈயம்’ என்ற சொல் வெளியே தெரியாமல் ‘எதில்’ என்று அழகான பெயர் சூட்டினார்கள். மறு ஆண்டே நியூஜெர்ஸியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். மதுசாரமும் தட்டலைத் தடுக்கும் என்று அன்றைக்கே தெரியும். ஆனால் அதற்குக் காப்புரிமை வாங்கிப் பணம் சேர்க்க வழியில்லை. ஆகவே உலகம் முழுவதும் கார்கள் ஈயத்தைக் கக்கிக்கொண்டு ஓடின. சாலையோரத்துக் குழந்தைகள் அதைச் சுவாசித்தார்கள். அவர்களுடைய மூளை வளர்ச்சியை அது பாதித்தது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் 1995-ல்தான் வந்தது. நாடு முழுவதும் ஈயம் நீங்கியது 2000-த்தில். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா அதைக் கைவிட்டது 2021-ல். ‘உயர்ந்தது’ என்று ஒரு நூற்றாண்டு நாம் காசு கொடுத்து வாங்கியது விஷம்.

இன்றைக்கு நடப்பதைப் பாருங்கள். அன்று தள்ளி வைத்த மதுசாரமே எத்தனால் என்ற பெயரில் நம் டாங்க்குக்குள் வந்துவிட்டது. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் ஆகிவிட்டது. இதற்கு எதிராகப் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே மைலேஜ் சற்றுக் குறையும். பழைய வண்டிகளின் ரப்பர் உறுப்புகளுக்கும் அது ஒத்துவருவதில்லை. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கு மேல். அதைக் கலந்ததால் சாதாரண பெட்ரோலே 95-க்கு உயர்ந்துவிட்டது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது.

விந்தையைக் கவனித்தீர்களா? எத்தனால் கலந்தார்கள் என்று ஒரு கையால் தலையில் அடித்துக்கொள்கிறோம். அந்த எத்தனால் தரும் குணத்தையே ‘95’ என்ற எண்ணாகக் கண்டதும் மறு கையால் கூடுதல் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். கலப்படம் என்று வைதால் கசக்கிறது. பிரீமியம் என்று வாழ்த்தினால் இனிக்கிறது.

இப்போது ‘அவர் பணம், அவர் வண்டி’ என்ற வாதத்துக்கு வருவோம். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே நம் குறிக்கோள் என்று தீர்மானம் செய்தது. அந்தத் தீர்மானம் பிற்பாடு பட்ட பாட்டைப் பற்றி இங்கே பேச வரவில்லை. ஆனால் அதன் அடியில் இருந்த கேள்வி இன்னும் செத்துவிடவில்லை: நாட்டுக்குப் பொதுவான பொருளைத் தன் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அதை வீணாக்கும் உரிமையும் கூடவே வந்துவிடுகிறதா?

நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் கடல் கடந்து வருகிறது. மணலியில் 1969-ல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை நம் ஊர் எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கிறது. எண்ணெயின் ஆக்டேனை உயர்த்த வேண்டுமானால் அதை மறுபடியும் சூடேற்றிப் பக்குவம் செய்ய வேண்டும். அதற்குத் தனியாக எரிபொருள் செலவாகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்துப்போய் மீனவர்கள் கரையில் நின்ற காட்சியை நாம் செய்தித்தாளில் பார்த்தோம். மேற்குப் புறநகரில் நாம் ஓட்டும் வண்டிக்கும் வடகோடியில் வாழும் அந்த மக்களுக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் இல்லாமல் போய்விடாது. தேவைக்கு எடுப்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. தேவை இல்லாமல் எடுப்பதை ‘என் பணம்’ என்ற இரண்டு சொல்லால் மூடிவிட முடியாது.

இந்த வாதத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினால் எஸ்.யு.வி.யே தேவையா என்ற கேள்வி வந்து நிற்கும். பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய் ஆலையிலிருந்து அன்று சின்னக் கார்கள் வந்தன. 2015 முதல் கிரெட்டா என்ற உயரமான வண்டி வருகிறது. இன்று நாட்டில் விற்கும் பயணி வாகனங்களில் பாதிக்கு மேல் இந்த உயரமான வகைதான். பங்க்கில் எட்டு ரூபாயை யோசிப்பவர், ஷோரூமில் எட்டு லட்சத்தை யோசித்தாரா என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனாலும் மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் ஊரில், வயதான தாயாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவர் உயரமான வண்டியை விரும்பினால் அதை வெறும் ஆடம்பரம் என்று நான் தள்ளமாட்டேன். அங்கேயும் அளவுகோல் அதேதான்: உயர்ந்ததா என்பதல்ல, உகந்ததா என்பது.

நடுநிலையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உகந்தது என்றால் மலிவானது என்று அர்த்தம் இல்லை. கடுமையாக அமுக்கும் டர்போ இன்ஜின்கள் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு 95-க்குக் குறையாத எண்ணெய் வேண்டும் என்று தயாரித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வண்டியை வாங்கிவிட்டு, லிட்டருக்கு எட்டு ரூபாய் மிச்சம் என்று குறைந்ததை ஊற்றுவது சிக்கனம் அன்று, கருமித்தனம். 1940-ல் பிரிட்டனைக் காக்க வானில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 100 ஆக்டேன் எண்ணெயில் பறந்தன. அங்கே அந்தக் கூடுதல் பொறுமை இன்ஜினுக்கு வேண்டியிருந்தது; ஓட்டியவர்களின் உயிர் அதில் தொங்கியது. அம்பத்தூர் ஓ.டி. சந்திப்பில் மாநகரப் பஸ்ஸின் பின்னால் பத்து நிமிஷம் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அந்த நெருக்கடி இல்லை.

விற்பவர்களின் பங்கையும் மறக்கக்கூடாது. பிரீமியம் என்கிறார்கள், ஸ்பீட் என்கிறார்கள், பவர் என்கிறார்கள். இவற்றில் எதுவும் நேரடியான பொய் அன்று. பொய் சொல்லாமலே பொய்யான எண்ணத்தை உண்டாக்கும் கலைக்கு விளம்பரம் என்று பெயர். சில சமயம் அது எல்லை மீறிவிடுவதும் உண்டு. 1996-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம், பிரீமியம் பெட்ரோலைப் பற்றி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எக்ஸான் நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. பெரும்பாலான கார்களுக்குச் சாதாரண பெட்ரோலே போதும் என்று அந்த நிறுவனமே தன் செலவில் விளம்பரம் செய்ய 1997-ல் உடன்பட வேண்டியதாயிற்று. ஆனால் வெயிலில் நின்று “நார்மலா, பிரீமியமா?” என்று கேட்கிறானே, அந்தப் பையனிடம் நாம் கோபம் கொள்வதில் பொருள் இல்லை. கேட்கச் சொன்னதை அவன் கேட்கிறான். “வண்டிக்குச் சாதாவே போதும் தம்பி” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால், அவனுக்கும் அவமானம் இல்லை, நமக்கும் இல்லை.

அப்படிச் சொல்ல ஏன் நமக்கு நா எழுவதில்லை? இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கர்வத்தினால்தான் மனிதன் விலை உயர்ந்ததை வாங்குகிறான் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வண்டிக்காரரை ஆட்டி வைத்தது கர்வத்தைவிட, தன் அன்பைப் பற்றி அவருக்கே இருந்த சந்தேகம். ஆறு நாள் ஆபீஸில் அலைகிறவர். வீட்டாரோடு இருக்கக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். குடும்பத்துக்குத் தான் போதுமானதைச் செய்கிறோமா என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பயத்துக்கு யாரோ ஒரு விலை குறித்து நீட்டுகிறார்கள். கொடுத்துவிட்டால் நிம்மதி. ‘நான் உயர்ந்ததைத்தான் வாங்கினேன், என்மேல் குறை இல்லை.’

இதில்தான் அபாயம் இருக்கிறது. பணம் கொடுத்ததும் கவனம் தூங்கப் போய்விடுகிறது. அதே பங்க்கின் மூலையில் டயருக்குக் காற்றுப் பிடிக்கும் இடம் இருக்கிறது. அதற்குக் காசு இல்லை. காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால் பின் இருக்கையில் இருக்கும் தாயாரையும் குழந்தைகளையும் எந்த ஆக்டேனும் காப்பாற்றாது. பிரீமியம் போட்டவர்களில் எத்தனை பேர் வண்டியை அந்த மூலைக்கு ஓட்டிச் செல்கிறார்கள்? உண்மையாகவே உயிரைக் காக்கும் பொருள் இலவசமாக இருக்கிறது. ஐந்து நிமிஷக் கவனம் ஒன்றுதான் அதற்கு விலை. அந்த விலையைக் கொடுக்க மனம் வருவதில்லை. எட்டு ரூபாயைக் கொடுத்துவிடுவது எளிதாக இருக்கிறது.

பங்க்கை விட்டு வெளியே வந்து பார்த்தாலும் இதையே காண்கிறோம். பெரிய கட்டணம் வாங்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அவன் நோட்டுப் புத்தகத்தை ஒரு நாளும் திறந்து பார்க்காத தகப்பனார் இருக்கிறார். பெயர் பெற்ற ஆஸ்பத்திரியில் தனி அறை எடுத்துத் தாயாரைச் சேர்த்துவிட்டு, அவள் தலைமாட்டில் அரை மணி உட்காராத பிள்ளை இருக்கிறான். இவர்கள் கெட்டவர்கள் அல்லர்; அன்பில்லாதவர்களும் அல்லர். அன்பு செலுத்துவதற்குப் பதிலாக அன்புக்குப் பணம் செலுத்திவிட்டவர்கள். ரசீது கையில் இருப்பதால் கடன் தீர்ந்தது என்று நம்புகிறவர்கள்.

உயர்ந்ததை வாங்கப் பணம் இருந்தால் போதும். உகந்ததைத் தெரிந்துகொள்ளவோ பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், காது கொடுக்க வேண்டும். வண்டிக்கு எது வேண்டும் என்பது மூடியின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறது. மனிதர்களுக்கு எது வேண்டும் என்பதும் எழுதித்தான் இருக்கிறது; ஆனால் வெளியே தெரியும்படி இல்லை. தாயாருக்கு வேண்டியது பெரிய வண்டியில் பயணமா, அல்லது மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லும் பழைய கதையை இன்னொரு தரம் கேட்கும் ஒரு பிள்ளையா? குழந்தைக்கு வேண்டியது விலை உயர்ந்த பொம்மையா, அதனோடு தரையில் உட்கார்ந்து விளையாடும் தகப்பனா? இந்தக் கேள்விகளுக்கு எந்தக் கடையின் போர்டிலும் பதில் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பிரீமியம் போடுவது பாவம் அன்று. சாதா போடுவது புண்ணியமும் அன்று. தன் வண்டிக்கு எது வேண்டும் என்று தெரிந்து, அதை வெட்கப்படாமல் கேட்டு வாங்குகிறவன், எது வாங்கினாலும் நல்ல காரியம் செய்தவன். தெரிந்துகொள்ளாமல், பெயருக்குப் பயந்து வாங்குகிறவன், மிகச் சிறந்ததை வாங்கினாலும் தன் கடமையைக் கடைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவன். அவன் கொடுத்த எட்டு ரூபாயைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அதைக் கொடுத்த பிறகு இனிக் கவனிக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறானே, அதைப் பற்றித்தான் கவலை.